நாய்ப் பங்கு

போளூர்
கோடைக்கானல் மலை
29-1-1961

சிரஞ்சீவி குருநாதனுக்கு அப்பா எழுதுவது.

நானும் உன் அம்மாவும் சுகம். நாயும் சுகம். நாயின் சுகத்தைத் தனியாக எழுதும் நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்து விட்டவன் நீ. அதனால் கோபத்தோடுதான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

பொங்கலுக்கு வந்தோமா, கரும்பைக் கடித்தோமா, மதுரைக்குப் பஸ் ஏறினோமா என்று இருந்திருக்கலாம். பையைத் திறந்து ஆறு வீட்டு நாய்களுக்கு இன்சூரன்ஸ் பாலிசி எழுதிவிட்டுப் போயிருக்கிறாய். அதில் முதல் பாலிசி நம்ம நாய் ஜமீனுக்கு. கோடைக்கானல் பங்களாக்களில் மடியில் வைத்துக் கொஞ்சுகிற நாய்க்குப் போடும் பாலிசியை, காட்டுப்பன்றி விரட்டுகிற நாய்க்குப் போட்ட முதல் மடையன் இந்த ஜில்லாவில் நானாகத்தான் இருப்பேன். மகனுக்கு வேலை நிரந்தரமாகட்டும் என்று கையெழுத்துப் போட்டேன். எட்டாவது படித்த திமிரில் அந்த இங்கிலீஷ் காகிதத்தை வாசிப்பது போல உதட்டை வேறு அசைத்தேன். உன் அம்மாதான் வந்து காகிதத்தை நேராகத் திருப்பிக் கொடுத்தாள்.

நீ போன பிறகு உட்கார்ந்து யோசிக்கிறேன். வருஷத்துக்கு ஏழு ரூபாய். அந்தப் பணத்தில் எனக்கு ஒரு நல்ல சட்டை வரும். இப்போது முதுகு கிழிந்த சட்டையோடு நான் போகிறேன், பாலிசியோடு நாய் போகிறது. சரி, கொடுத்த காசுக்கு என்ன கிடைக்கும்? சீக்கு வந்தால் வைத்தியச் செலவு என்றாய். போன மாசம் செத்த எலியைத் தின்றுவிட்டு ஏப்பம் விட்டவன் அவன், சீக்கு எங்கே வரப்போகிறது. திருட்டுப் போனால் பணம் என்றாய். ஜமீனைத் திருடினவன் சோறு போட்டு மாளாமல் மறுநாளே கொண்டுவந்து கட்டிவிட்டுப் போவான். காரில் அடிபட்டால் பணம் என்றாய். போளூருக்கு முதலில் கார் வரட்டும், அப்புறம் அடிபடட்டும்.

நமக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பன்றி கிழித்தால் உண்டா, இல்லையா? நீ அதைச் சொல்லவே இல்லை.

இங்கே அதற்குள் ஒரு வம்பு ஆகிப்போச்சு. ஊரில் வேட்டைக்கறி பிரிக்கும்போது ஆளுக்கு ஒரு பங்கு, நாய்க்கு ஒரு பங்கு. அடிபட்ட நாய்க்கு எழுந்து நடக்கிற வரைக்கும் ரெட்டைப் பங்கு, கஞ்சிக்கு வீட்டுக்கு வீடு சாமை. செத்துப்போனால் ஊரில் அடுத்து ஈனுகிற ஈத்தில் முதல் குட்டி அந்த வீட்டுக்கு. பிரீமியம் கிடையாது, கையெழுத்துக் கிடையாது. போன வாரம் கறி பிரிக்கையில் செல்லப்பாண்டி கத்தியைத் துடைத்துக்கொண்டே நிதானமாகக் கேட்கிறான்: "பாலிசி போட்ட நாய்க்கு இனி எதுக்கு மாமா பங்கு? அதான் கம்பெனி பாத்துக்கிருமே."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம், எங்க நாய்க்கு வேண்டாம் என்று சொன்ன பெரிய மனுஷன் உன் அப்பன்தான். மகன் பெருமை தொண்டை வரைக்கும் வந்து நின்றது, துப்பிவிட்டேன். மற்ற ஐந்து வீட்டுக்காரர்களும் என் முகத்துக்காகத் தலையாட்டினார்கள். அன்றிலிருந்து உன் அம்மா என்னோடு பேசுவதில்லை. குழம்பை மட்டும் ஊற்றுகிறாள்.

வெரசா பதில் போடு. சுற்றி வளைக்காமல் எழுது.

உன் அப்பா
திருமலைச்சாமி


மதுரை
6-2-1961

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. அம்மா பேசாமல் இருப்பதை நினைத்தால் சிரிப்பும் வருத்தமும் சேர்ந்து வருகின்றன.

நீங்கள் வீணாகக் கவலைப்படுகிறீர்கள். விபத்து என்று பாலிசியில் தெளிவாக அச்சிட்டிருக்கிறது. பன்றி கிழித்தால் அது சீக்கா, திருட்டா? விபத்துதானே. தைரியமாக இருங்கள். கறியில் பங்கு கேட்டு நிற்பதெல்லாம் அந்தக் காலம். நாலு பேர் தயவில்லாமல் உரிமையோடு வாங்கிக்கொள்ளலாம், அதற்குத்தான் கம்பெனி.

ஒரு விஷயம். நாய்ப் பாலிசியில் இன்னும் எட்டுச் சேர்த்துவிட்டால் என்னை நிரந்தரமாக்குவதாக ஆபீசர் சொல்லியிருக்கிறார். ஊரில் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்கள்.

அம்மாவுக்கு என் அன்பு.

தங்கள் மகன்
குருநாதன்


போளூர்
12-3-1961

குருநாதனுக்கு,

கிழித்துவிட்டது.

உருளைக்கிழங்குக் காட்டில் ஒற்றைப் பன்றி. ஜமீன்தான் முதலில் போய் மறித்தான். பகலெல்லாம் தூங்குகிறான் என்று ஜமீன் என்று பேர் வைத்த வாயை நானே அடித்துக்கொள்ள வேண்டும். விலாவிலிருந்து வயிறு வரைக்கும் ஒரே கிழி. அப்படியும் விடவில்லை, ஆட்கள் வந்து ஈட்டி போடுகிற வரைக்கும் பன்றியின் காதைப் பிடித்துத் தொங்கினான்.

குடலை உள்ளே தள்ளி, துணியால் கட்டி, உருளைக்கிழங்குச் சாக்கைக் கம்பில் தூளி போலக் கோத்து, நானும் பக்கத்து வீட்டுப் பொன்னுவேலும் கோடைக்கானல் மாட்டு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு நடந்தோம். மேலே கம்பளி போர்த்தியிருந்ததால் எதிரே வந்தவர்கள் மனுஷப் பிணம் என்று நினைத்து ஒதுங்கி நின்றார்கள். நான் அழுதுகொண்டு வேறு போனேனா, அவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

தையல் போட்டிருக்கிறது. பிழைப்பான், ஆனால் ஒரு மாசம் நல்ல ஆகாரம் வேணும் என்கிறார் டாக்டர்.

இப்போது கேள். நான் திரும்பி வருவதற்குள் அந்தப் பன்றியைப் பிரித்துவிட்டார்கள். பன்றியின் காதை எவன் பிடித்துத் தொங்கினானோ அவனுக்கு ஒரு எலும்பு கிடையாது. செல்லப்பாண்டி வீட்டு வாசலில் போய் நின்று கத்தினேன். அவன் சிரித்துக்கொண்டே, "நீங்கதானே மாமா வேண்டாம்னீங்க" என்கிறான். அடிக்க முடியவில்லை, அவன் சொன்னது உண்மை. என்னை நானே அடித்துக்கொண்டால் ஊர் சிரிக்கும். திரும்பி வந்துவிட்டேன்.

டாக்டர் கொடுத்த ரசீதும் சர்டிபிகேட்டும் உள்ளே இருக்கிறது. உன் கம்பெனி பெரிய கம்பெனியாக இருந்தால் அதை இப்போது காட்டச் சொல்.

திருமலைச்சாமி


மதுரை
25-3-1961

அன்புள்ள அப்பாவுக்கு,

கிளெயிம் பாஸ் ஆகிவிட்டது. முழுத் தொகையும் மணியார்டரில் அனுப்பியிருக்கிறேன். ஏஜென்ட் மூலமாகக் கொடுப்பது வழக்கம், அதனால் கூப்பனில் என் பெயர் இருக்கும். ஜமீனுக்கு முட்டை கொடுங்கள். வேலை அதிகம், பிறகு விவரமாக எழுதுகிறேன்.

குருநாதன்


போளூர்
16-4-1961

சிரஞ்சீவி குருநாதனுக்கு,

பணம் வந்தது. தபால்காரர் என் வீட்டில் எண்ணிக் கொடுத்ததை, நான் செல்லப்பாண்டி வீட்டு வாசலில் போய் இன்னொரு தரம் எண்ணினேன். அவன் பெண்டாட்டி வெளியே வந்து பார்த்தாள். அவனையும் வரச்சொல் என்றேன். ஒரு மாசமாக வயிற்றில் எரிந்துகொண்டிருந்த நெருப்பை அங்கே கொட்டிவிட்டுத்தான் வந்தேன். நாய் செய்த வேலைக்கு எலும்பு கொடுக்காத ஊர், இதைப் பார்த்துக்கொள் என்று கத்தினதில் இரண்டு நாள் தொண்டை கட்டிக்கொண்டது.

அப்புறம் நடந்ததைக் கேள். ஊரே பாலிசி கேட்கிறது. எட்டு வீடு சேர்த்துவிட்டேன். செல்லப்பாண்டியும் அதில் ஒருவன். காட்டோரம் தனியாக இருக்கிறாளே அன்னக்கொடி, புருஷன் செத்த பிறகு வெள்ளச்சி என்கிற அந்த ஒரு நாயை நம்பியே பூண்டு போடுகிறவள், அவள் முட்டையிடுகிற கோழியை விற்றுப் பிரீமியம் கொடுத்தாள். கொடுக்கும்போது மூணு தரம், "நெசமா குடுப்பாகளாண்ணே?" என்று கேட்டாள். என் நாயைப் பார், அதைவிடச் சாட்சி என்ன வேணும் என்றேன்.

எல்லார் நாய்க்கும் கம்பெனி வந்துவிட்டதால் நாய்ப் பங்கையே எடுத்துவிட்டோம். கூட்டத்தில் அதை முன்மொழிந்ததும் நான்தான். அம்மா என்னோடு பேச ஆரம்பித்திருக்கிறாள், திட்டுவதற்காக.

பிரீமியம் எட்டும் தனி மணியார்டரில் வருகிறது. வேலை நிரந்தரமானால் தகவல் போடு.

உன் அப்பா
திருமலைச்சாமி


போளூர்
25-6-1961

குருநாதனுக்கு,

உன் வேலை நிரந்தரமானது என்று அட்டை வந்தது. சந்தோஷப்பட நேரமில்லை.

போன மாசம் அன்னக்கொடியின் வெள்ளச்சி பன்றி குத்திச் செத்துப்போச்சு என்று எழுதி, காகிதமெல்லாம் அனுப்பினேன். நீ பதில் போடவில்லை. கம்பெனி போட்டது. இங்கிலீஷில் நாலே வரி. பள்ளிக்கூட வாத்தியார் இராமலிங்கத்திடம் கொண்டுபோனேன், அன்னக்கொடியும் கூட வந்தாள். வேட்டைக்கும் காவலுக்கும் வைத்திருக்கிற நாய்க்கு இந்தப் பாலிசி செல்லாது, வீட்டு நாய்க்கு மட்டும்தான் என்று எழுதியிருக்கிறதாம். வாத்தியாரை இரண்டு தரம் படிக்கச் சொன்னேன். இரண்டாந்தரமும் அதேதான் எழுதியிருந்தது.

குட்டி கேட்கலாம் என்றால் நாய்ப் பங்கே ஊரில் இல்லை. எடுத்தவன் நான். இப்போது ராவெல்லாம் அன்னக்கொடியே தகரத்தைத் தட்டிக்கொண்டு பூண்டுக்குக் காவல் கெடக்கிறாள். அந்தச் சத்தம் நம்ம வீட்டுக்குக் கேட்கிறது.

ஒரே ஒரு கேள்வி. வெள்ளச்சிக்குச் செல்லாத பாலிசி ஜமீனுக்கு எப்படிச் செல்லுபடியாச்சு?

திருமலைச்சாமி


மதுரை
2-7-1961

அன்புள்ள அப்பாவுக்கு,

என்னை மன்னியுங்கள். ஜமீனுக்குக் கம்பெனி ஒன்றும் கொடுக்கவில்லை. உங்கள் காகிதங்களை ஆபீசரிடம் வைத்தபோது, இது மடி நாய்க்கான பாலிசி, பன்றி பிடிக்கிற நாய்க்கு யார் எழுதச் சொன்னது என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். அப்போதுதான் எனக்கே தெரியும். நீங்கள் ஊர் முன்னால் அவமானப்பட்டு நிற்பதை என்னால் தாங்க முடியவில்லை. என் சம்பளத்திலிருந்து அனுப்பி, கம்பெனி பணம் என்று எழுதினேன்.

எட்டுப் பிரீமியமும் வந்தபோது திருப்பி அனுப்பத்தான் நினைத்தேன். அவற்றைக் கட்டினால் நிரந்தர ஆர்டர் கையில் கிடைக்கும் என்று இருந்தது. கட்டிவிட்டேன்.

அன்னக்கொடி அத்தைக்கும் நானே பணம் அனுப்புகிறேன். கம்பெனி மறுபடி யோசித்துக் கொடுத்துவிட்டது என்று நீங்கள் சொல்லிவிட்டால் போதும். ஊருக்கு எதுவும் தெரிய வேண்டாம். நம் குடும்பத்தின் பெயரும் நிற்கும்.

குருநாதன்


போளூர்
16-7-1961

குருநாதனுக்கு,

நீ அனுப்பிய மணியார்டரைத் தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு நாலு நாள் பேனாவைத் தொடவில்லை. தொட்டிருந்தால் இந்தத் தபாலை நீ நாலு பேர் முன்னால் பிரிக்க முடியாதபடி எழுதியிருப்பேன்.

ஏலே, அப்பன் நாய்க்குக் கொடுக்கும்போது நீ மகன். அன்னக்கொடியிடம் வாங்கும்போது நீ கம்பெனி. எந்த நாளைக்கு எந்தச் சட்டையைப் போட்டுக்கொள்கிறாய் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கு ஒரு அவமானம் வந்தால் அதை நான் பட்டுவிட்டுப் போகிறேன். பட்டுப் பழகின உடம்புதான் இது. என்னைக் காப்பாற்றுகிறேன் என்று என் வாயாலேயே எட்டு வீட்டைக் கவிழ்த்தாயே, அதற்கு நான் எங்கே போய் மூஞ்சியை வைப்பேன்? இப்போது அதே பொய்யை அன்னக்கொடியிடமும் போய்ச் சொல்லச் சொல்கிறாய். முதல் பொய்யைத் தெரியாமல் சொன்னேன். இதைத் தெரிந்து சொல்ல வேண்டுமாம்.

ஊரைக் கூட்டினேன். உன் கடிதத்தை முழுசாகப் படித்தேன். மகன் தப்பு என்று பாதி, என் வாய்க்கொழுப்பு என்று பாதி, இரண்டையும் நானே சொன்னேன். செல்லப்பாண்டி ஏதாவது கேலி பண்ணுவான் என்று பார்த்தேன். தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நாய்ப் பங்கு பழையபடி உண்டு. வெள்ளச்சி பங்கு இல்லாத நாளில் செத்தது, ஆனாலும் அன்னக்கொடிக்கு முதல் குட்டி உண்டு. பொன்னுவேல் வீட்டு நாய் இந்த மாசம் ஈனும். எட்டு வீட்டுப் பிரீமியத்தையும் கிழங்கு எடுத்ததும் நான் கட்ட வேண்டும். தண்டனையாக ஒரு வருஷத்துக்கு எனக்கு வேட்டைக்கறியில் ஆள் பங்கு கிடையாது. ஜமீனுக்கு உண்டு. ஆக இந்த வருஷம் உன் அப்பன் நாய் தயவில் கறி சாப்பிடுகிறான். அவன் நொண்டிக்கொண்டே வந்து என் இலையைப் பார்க்கிறான், கணக்கு வைத்திருப்பான் போல இருக்கிறது. உன் அம்மா இதற்கு விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் உள்ளே போய் அழுதாள்.

குட்டி கண் திறந்து பால் மறக்கிற வரைக்கும் அன்னக்கொடி காட்டில் காவலுக்கு ஆள் வேணும். அந்தச் சோலி உன்னுடையது. கம்பெனியில் லீவு கேள். நிரந்தரமான ஆளுக்கு லீவு கொடுப்பார்கள் என்று நினைக்கிறேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்ததும் நேரே இங்கே வராதே. அவள் வீட்டு வாசலில் போய் நின்று, கோழி விற்ற காசை வாங்கியது கம்பெனி இல்லை, நான்தான் என்று உன் வாயால் சொல்லு. அவள் உள்ளே வாடா என்றால் தகரத்தை வாங்கிக்கொண்டு காட்டுக்குப் போ. காலையில் வெள்ளனே கஞ்சி குடிக்க இங்கே வா. அவள் கதவைச் சாத்தினால் வந்த வழியே திரும்பிப் போ. உன் அம்மா அழுதாலும் நான் எழுந்து வந்து நம்ம கதவைத் திறக்க மாட்டேன்.

திருமலைச்சாமி