ஊசிக்குக் கீழே இருந்த பெயர்

அக்கா,

எழுத்துகள் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் கிடக்கின்றன. பொறுத்துக்கொள்ளுங்கள். ‘ழ’ எழுதும்போது இன்னும் நாக்கு வெளியே வந்துவிடுகிறது. தாளின் மூலையில் இருக்கும் செம்மண் நிறக் கறை என் பெருவிரலுடையது. உங்கள் குண்டூசிகளின் கறள். சவர்க்காரம் போட்டுக் கழுவியும் இரும்பு மணம் போகவில்லை. அந்த மணம்தான் என்னை இன்று எழுத உட்கார வைத்தது.

எனக்கு எழுத வருகிறது என்பதே உங்களுக்குப் புதினமாக இருக்கும். மாதா கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறார்கள். நீங்கள் கண்ணை மூடிய பிறகு, கடைசி வாங்கில் நானும் போய் இருந்தேன். இத்தனை காலம் நிறத்தைப் பார்த்து அடையாளம் கண்ட கடைப் பலகைகளை இப்போது ஒவ்வொன்றாக நின்று வாசிக்கிறேன். ‘இங்கே நிற்க வேண்டாம்’ என்ற பலகையை வாசித்து முடிக்கும்வரை அதற்கு முன்னால்தான் நின்றேன். பின்னால் வண்டிக்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தான். எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம்தான் உங்களுக்கு நான் செய்த துரோகம் ஆயிற்று.

ஒபர்வில்லியே கிடங்கில் மூட்டை இறக்கிவிட்டு, மாலையில் ரூ பெர்தொனே தெருவில் இருந்த உங்கள் தையல் அறைக்கு வருவேன். சட்டைக்கு அளவு வெட்டும் பழுப்புத் தாளில் பென்சிலால் கதை எழுதி வைத்திருப்பீர்கள். நீங்கள் வாசிக்க, நான் கேட்பேன். “இந்த இடத்திலை எனக்கு நித்திரை வந்தது” என்றால் கோபிக்க மாட்டீர்கள். அந்த வரியை வெட்டவும் மாட்டீர்கள். ஒரு துண்டுத் தாளில் புதிதாக எழுதி, பழைய வரியின் மேல் வைத்துக் குண்டூசி குத்துவீர்கள். உண்மைப் பெயர்களையும் அப்படித்தான் மறைப்பீர்கள். ஒரு கதை முடியும்போது தாளே முள்ளம்பன்றி போலாகிவிடும்.

ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் அந்தத் தாள்கள் இருந்த பெட்டியை என் கட்டிலுக்குக் கீழே வைத்தீர்கள். “தம்பி, உமக்கு வாசிக்கத் தெரியாது. அதாலைதான் உம்மட்டைத் தாறன். ஊசிக்குக் கீழை ஆரின்ரை பேர் கிடக்கெண்டு ஒருத்தரும் பாக்கக் கூடாது” என்றீர்கள். நான் தலையாட்டினேன்.

போன மாதம் உங்கள் தாள்களைத் தேடி நிலானி என்ற பிள்ளை வந்தாள். இந்த நாட்டிலேயே, செவ்ரானில் பிறந்தவள். வேல்ஸ் நாட்டில் வேலை பழகினவளாம். அங்கே சொந்த மொழியில் எழுதினவர்களின் கடிதங்கள், அடித்துத் திருத்திய தாள்கள், உறையின் பின்பக்கம் கிறுக்கியவை எல்லாவற்றையும் ஈரம் அண்டாத அறைகளில் பெட்டி பெட்டியாகக் காக்கிறார்களாம். இங்கே நம்மவர்களின் தாள்களுக்கும் அப்படி ஓர் இடம் பிடித்திருக்கிறாள். உங்கள் பெட்டியைத் திறந்ததும் அவள் முகம் மாறியது.

“அங்கிள், ஊசியெல்லாம் கறள் பிடிச்சிட்டுது. இப்பிடியே விட்டா பேப்பரைத் தின்னும்.”

“புத்தகமா வந்ததுதானே பிள்ளை. அது காணாதோ?”

“புத்தகத்திலை கடைசியா முடிவெடுத்தது மட்டும்தான் இருக்கும். அவ யோசிச்சது முழுக்க இதிலைதான் கிடக்கு.”

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். அதன் பிறகு, கறளைத் துடைக்கத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டு, ஓர் ஊசியைக் கழற்றினேன். செத்துப்போன புருஷன் இரவு வேலைக்குப் போயிருக்கிறார் என்று, ஊரில் இருக்கும் மாமியாரிடம் ரெலிபோனில் வருடக்கணக்காகச் சொல்லிவந்த பெண்ணின் கதை அது. அது யார் என்று அந்தக் காலத்தில் தெருவே தேடியது. துண்டைத் தூக்கினேன். கீழே இருந்த பெயரை எழுத்து எழுத்தாகக் கூட்டினேன். பிழையில்லாமல் வாசித்துவிட்டேன் என்று கை தட்ட வேண்டும் போல இருந்தது. பிறகுதான் அது யார் என்று விளங்கியது.

பெயரை இங்கே எழுத மாட்டேன். மரக்கறிக் கடை வைத்திருக்கிறாவே, அவதான். தினமும் எனக்குக் கீரை கட்டித் தருகிறவ. அடுத்த நாளிலிருந்து வேறு கடைக்குப் போனேன். அவவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பெட்டியைக் கொடுத்தால் எல்லோரும் அவவை வாசிப்பார்கள். கொடுக்காவிட்டால் கறள் உங்களைத் தின்றுவிடும். அவவிடம் கேட்காமல் முடிவெடுக்க எனக்கு உரிமையில்லை. கேட்பதென்றால் நான் செய்ததையும் சொல்ல வேண்டும். நாட்களைக் கடத்தினேன். கடைசியில் அவவே தெருவில் மறித்தா.

“என்ன அண்ணை, மற்றக் கடையிலையாம் கீரை? என்ரை கீரை உங்களைக் கடிச்சுப்போட்டுதோ?”

சொல்லிவிட்டேன். அவ கத்தரிக்காய்ப் பெட்டியை இடுப்பில் வைத்தபடி கேட்டுக்கொண்டு நின்றா.

“உங்களுக்கு எப்பயிலயிருந்து வாசிக்கத் தெரியும்?”

“போன மாரிகாலத்திலயிருந்து.”

“நல்ல நேரம் பாத்துத்தான் படிச்சிருக்கிறியள்.” பெட்டியை இறக்கி வைத்தா. “அந்த ஊசியைக் குத்தினதே நான்தான். அக்கா முழுக்க எனக்கு வாசிச்சுக் காட்டிப்போட்டு, என்ன பேர் வைப்பம் எண்டு கேட்டவ. நான் பிறந்தவுடனை எனக்கு வைக்கவெண்டு அம்மா நினைச்சிருந்த பேரைச் சொன்னன். நானே எழுதி, நானே குத்தினன்.”

“அப்ப பெட்டியைக் குடுக்கட்டோ?”

குனிந்து கத்தரிக்காய்களை நேராக அடுக்கினா. “குடுங்கோ. அது என்ரை கதையும்தானே, அழிய வேண்டாம். ஆனா நான் இருக்குமட்டும் ஒருத்தரும் தூக்கிப் பாக்கக் கூடாது. நீங்களும்தான்.”

கோபமில்லை என்று அவ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மற்ற ஊசிகளுக்குக் கீழே யார் யார் இருக்கிறார்களோ, அவர்களிடம் போய்க் கேட்கவும் எனக்கு வழியில்லை. அதற்குப் பெயர்களைப் பார்க்க வேண்டும்.

நிலானியிடம் சொன்னேன். வேல்ஸிலும் சில பெட்டிகள், சம்பந்தப்பட்டவர்கள் உயிரோடு இருக்கும்வரை மூடித்தான் இருக்கின்றனவாம். ஊசிகளைக் கழற்றி, அதே துளைகளில் பருத்தி நூல் கோத்து, துண்டுகளை இருந்த இடத்திலேயே தைத்துவிடலாம் என்றாள். மேலே இருப்பதை மட்டும் படம் பிடிப்பார்கள். பெட்டியைக் கொடுப்பவரே நிபந்தனையைத் தன் கையால் எழுத வேண்டும் என்றாள். ‘தைத்திருக்கும் துண்டுகளைத் தூக்கிப் பார்க்க வேண்டாம்’ என்று எழுதினேன். அரை மணி நேரம் பிடித்தது. அவள் ஒரே மூச்சில் வாசித்துவிட்டு, “வடிவா விளங்குது அங்கிள்” என்றாள். நான் எழுதியதைப் பிறர் வாசித்தது அதுதான் முதல் தடவை. எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை உங்கள் முன்னால் வைக்க வெட்கமாக இருக்கிறது.

அடுத்த கிழமை பெட்டி போகிறது. போனபிறகு எப்படிப் போனது என்று எழுதுகிறேன். தைக்கும்போது பக்கத்தில் வந்து இருங்கோ என்று நிலானி கூப்பிட்டாள். வரமாட்டேன் என்றேன். ஊசி கழன்று நூல் ஏறும்வரை தாள்கள் திறந்துதான் கிடக்கும். என் கண் இப்போது எதைக் கண்டாலும் வாசித்துவிடுகிறது, அக்கா.