உள்ளறை வாசலின் மேற்பலகை

நவம்பர் 3

சோபாவுக்கு மேலுள்ள சுவர் இன்னும் காலியாகவே கிடக்கிறது. சியாங் மாய் முழுக்க வீடுகளுக்கு அலங்காரம் செய்து கொடுக்கிறேன். மாட்டுவண்டிச் சக்கரத்தைக் கண்ணாடிச் சட்டமாக்குகிறேன், தறியின் சீப்பை விளக்காக்குகிறேன். என் வீட்டுச் சுவர் ஒன்றுக்குத்தான் எதுவும் பொருந்தவில்லை.

லம்பாங் வீட்டைப் பிரித்துவிட்டு என்னோடு வந்து இருக்க அம்மா சம்மதித்துவிட்டாள். படி ஏற முட்டி விடுவதில்லை. மரத்தையெல்லாம் அண்ணன் உடோம் எடுத்துக்கொள்கிறான். எனக்கு உள்ளறை வாசலின் மேற்பலகை மட்டும் போதும் என்றேன். அப்பா தன் பாதத்தால் அளந்து, தானே செதுக்கியது. யார் பாதம் அளவோ அவருடைய காவல் அந்த வாசலில் நிற்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அந்தக் கொடிச்சுருள் எந்தக் கடையிலும் கிடைக்காது. கீழிருந்து மஞ்சள் வெளிச்சம் விழுந்தால் —

"நல்லது. செத்துப்போன மனுஷனும் கூடவே வர்ற மாதிரி இருக்கும்" என்றாள் அம்மா போனில்.

நான் வெளிச்சத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 9

என்ன செய்துவிட்டேன்.

லம்பாங் வீட்டில் என் வேலையாள் சோம்பூன் பலகையைக் கழற்றித் தரையில் சாய்த்தான். என் கடைக்காக எத்தனை பழைய வீடுகளில் கழற்றியிருப்பான்! விற்கிற குடும்பத்தின் காவல் பலகையோடு ஒட்டிக்கொண்டு வரக்கூடாது என்று, வாங்குகிறவர்கள் சுத்தியலால் ஓங்கி அடித்துவிட்டுத்தான் எடுப்பார்கள். நான் ஹோட்டல்காரர் ஒருவரோடு போனில் திரைச்சீலை பேசிக்கொண்டிருந்தேன்.

"அடிச்சிரவாக்கா?"

"ம். எப்பவும் போல."

அவ்வளவுதான். வாய் சொல்லிவிட்டது. மனசு எங்கே போயிருந்தது?

சுத்தியல் சத்தம் கேட்டு அம்மா சோறு ஒட்டிய கையோடு அடுப்படியிலிருந்து வந்தாள்.

"யாருக்குடி வித்தே?"

"விக்கலம்மா. என் வீட்டுக்குத்தான்."

அவனைப் பார்த்தாள், சுத்தியலைப் பார்த்தாள்.

"உன் வீட்டுக்கா? அப்ப உங்கப்பன எதுக்குடி அடிச்சு வெரட்டுனே?"

நவம்பர் 10

அம்மா என் வண்டியில் ஏறவில்லை. மூட்டையை அண்ணன் வண்டிக்கு மாற்றச் சொன்னாள்.

நவம்பர் 27

பலகையை மாட்டியாயிற்று. மாட்டாமலாவது இருந்திருக்கலாம். வருகிறவர்கள் எல்லாரும் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

டிசம்பர் 15

உடோம் பேசினான். "ஊரான் வீட்டுக்கெல்லாம் என்னென்னமோ கொண்டுபோய் வைக்கிறே, ஒரு கெழவிய உன் வீட்டுல கொண்டுபோய் வைக்க முடியலையா?" சிரித்தான். பிறகு, "விடு சைபின். அம்மா இங்க நல்லாத்தான் இருக்கு. மொளகாத் தொவையல் யாரு இடிக்கிறதுன்னு என் பொண்டாட்டியோட தெனமும் மல்லுக்கட்டு."

அம்மாவிடம் கொடு என்றேன். குளிக்கிறாளாம். காலையில் கூப்பிட்டபோதும் குளித்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஜனவரி 19

பலகையை அண்ணன் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனேன். அம்மா செதுக்கலின் மேல் விரலை ஓட்டினாள்.

"அழகாத்தான் இருக்கு. உன் கடைக்கு வர்றவங்க இந்த மாதிரிதானே கேப்பாங்க? நீயே வெச்சுக்க."

திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். கடைக்காரியிடம் பொருளைத் திருப்பித் தருகிற குரல் அது.

"பலகை வேணாம். நீ மட்டும் வாயேன்மா."

"அங்க என்னப் பாத்துக்க யாரு இருக்கா?"

நான் இருக்கிறேன் — சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை?

ஏப்ரல் 15

புத்தாண்டு. சீயக்காய் ஊறிய வாசனை நீரை அம்மாவின் கைகளில் ஊற்றி மன்னிப்புக் கேட்டேன். எல்லாப் பிள்ளைகளும் இன்று கேட்பதுதான். எல்லாப் பிள்ளைகளையும்போல் என்னையும் வாழ்த்தினாள்.

உடோம் அம்மாவின் அறைக்குப் புதுப் பலகை மாட்டியிருக்கிறான். இந்த முறை அம்மாவின் பாதம்தான் அளவாம். கோணல்மாணலாகச் செதுக்கியிருக்கிறான், என் கடையில் ஒருவரும் வாங்க மாட்டார்கள். அவன் பிள்ளைகள் அதன் கீழே ஓடிப்போய் ஓடிவருகிறார்கள். வெளியாட்கள் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

ராத்தங்கலுக்குக் கொண்டுவந்த பையோடு அந்த அறை வாசலில் நின்றேன். உள்ளே வரலாமா என்று கேட்டேன்.

அம்மா என் பையை வாங்கிக்கொண்டாள்.

"உனக்குப் பாய் கூடத்துல விரிச்சிருக்கேன். அங்கதான் காத்து வரும்."