தளபதி தரப்போகும் நிலம்

அன்பு மகன் ஸ்பூரியுஸுக்கு, கடலுக்கு அப்பால் எபேசுஸ் பாசறையில் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும். நானும் அப்பாவும் மூச்சோடு இருக்கிறோம், நலம் என்று எழுத மனம் வரவில்லை.

உன் கடிதம் கிடைத்தது. சேவை முடிந்ததும் தளபதி எல்லோருக்கும் நிலம் தரப்போகிறார், வயசான காலத்தில் எங்களை உட்காரவைத்துக் காப்பாற்றப் போகிறாய் என்று எழுதியிருந்தாய். அவர் யாருடைய நிலத்தை எடுத்துக் கொடுக்கப் போகிறார் என்று ஒரு வார்த்தை கேட்டாயா? எங்கே கேட்பாய். வாய் திறக்கத் தெரிந்தவனை உங்கள் படையில் எடுப்பதில்லை போலிருக்கிறது. வாளும் கேடயமும் அரசாங்கம் கொடுக்கிறதாம், பெருமை வேறு. அதோடு கோதுமை, திரிகை, மண்வெட்டி எல்லாவற்றையும் முதுகில் ஏற்றிக் கழுதை மாதிரி நடக்கவிடுகிறதே, அதை எழுதவில்லையே. அப்பா காலத்தில் அவனவன் சொந்தக் காசில் கேடயம் வாங்கினான், ஊருக்காகச் சண்டை போட்டான், அறுப்புக்கு வீடு வந்து சேர்ந்தான். தளபதியும் வருஷம் முடிந்ததும் பதவியை இறக்கி வைத்துவிட்டுப் போனார். உங்களுக்கு ஊர் எது, அரசாங்கம் எது, எல்லாம் அந்த ஒரு மனிதர்தான்.

போன வாரம் உன் தளபதியின் நில அளவைக்காரர்கள் இங்கே வந்தார்கள். நம் ஊர், அவரோடு ஆட்சிக்குச் சண்டை போட்ட எதிர்த் தளபதியின் படைக்குக் கோதுமை கொடுத்ததாம், அதற்குத் தண்டனையாக ஊர் நிலம் முழுவதும் இவருடைய வீரர்களுக்காம். கத்தியை நீட்டிக் கேட்டவனுக்குக் கொடுக்காமல் என்ன செய்வது என்று கேட்டேன். அவர்களுக்குத் தலைவன் மேனியுஸ் என்பவன், முன்பு நூற்றுவர் தலைவனாக இருந்தவனாம், பல்லைக் குத்திக்கொண்டே "அதையெல்லாம் எங்கிட்ட சொல்லாதம்மா, எனக்குக் கயிறு பிடிக்கத்தான் தெரியும்" என்றான். நம் அத்தி மரத்தடியில் அளவுகோலை நட்டான். அப்பா உள்ளே போய்ப் பழைய கேடயத்தையும் ஈட்டியையும் எடுத்து வந்து அந்தக் கோலுக்கு எதிரே ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்துவிட்டார். அந்தக் காலத்தில் மூன்றாம் வரிசைக்காரர்கள் அப்படித்தான் காத்திருப்பார்கள், முன்னால் இருக்கும் இரண்டு வரிசையும் தோற்றால்தான் எழுந்திருப்பார்கள். அது மேனியுஸுக்கும் தெரிந்திருக்கிறது. "ஏய் பெருசு, உனக்கு முன்னால நிக்கவேண்டிய ரெண்டு வரிசையும் எங்கய்யா?" என்று சிரித்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. முன்னால் நிற்கவேண்டிய மகன் உங்கள் படையில்தான் இருக்கிறான் என்று சொன்னேன். "அப்படியா, அப்ப அவனுக்கும் ஒரு பங்கு உண்டும்மா, ஆனா சீட்டுக் குலுக்கித்தான் கொடுப்பாங்க, எந்த வயல் விழும்னு சொல்லமுடியாது" என்றான், ஏதோ நல்ல சேதி சொல்வதுபோல. அப்பாவின் முழங்கால் நிமிரவில்லை, இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருந்தது.

அறுப்புக்கு முன்னாலேயே நாங்கள் வெளியேற வேண்டுமாம். உன் அக்கா வீட்டுக்குப் போகிறோம், இனிமேல் அங்கேயே எழுது. கால் புண்ணுக்கு எண்ணெய் தடவு, தண்ணீரைக் காடி கலக்காமல் குடிக்காதே.

நம் வயலே சீட்டில் உனக்கு விழும் என்று கனவு காணாதே. யாரோ ஒருவருடைய வயல்தான் விழும், அந்த வாசலில் ஒருத்தி நிற்பாள். அவளைத் தாண்டி உள்ளே போனாயானால் அங்கேயே நன்றாக இரு, எனக்குக் கடிதம் போடாதே. வெறுங்கையோடு வந்தால் அக்கா வீட்டுத் தொழுவத்தில் உனக்கும் படுக்க இடமுண்டு.

வீட்டுத் தெய்வங்களைத் துணியில் சுற்றி எடுத்துவைத்திருக்கிறேன். அவை உன்னைக் காக்கட்டும்.

இப்போதைக்கு உன் அம்மா,
லார்த்தியா