விலாசம் தெரியாத நோயாளி

என் அக்கா பெற்ற மகாராணிக்கு,

உலகப் புகழ்பெற்ற வைத்தியரின் கோழிக் கிறுக்கலைப் படிக்கத் தெரிந்த ஒரே ஜீவனான உன் மாமா எழுதுவது. உன் அப்பா மற்ற டாக்டர்களுக்கு எழுதும் கடிதங்களை முப்பது வருஷமாகப் படியெடுக்கிறேன். அத்தனை காகிதத்தையும் விரித்தால் நிலாவரைக்கும் கால் நோகாமல் நடந்து போகலாம்.

போன மாதம் ஒரு கடிதம் கொடுத்தார். ‘என் நோயாளி ஒருவர், வயது அறுபத்திரண்டு. எடை குறைகிறது, வலது கை நடுங்குகிறது. மகளிடம் ஆறு வருஷமாகப் பேச்சில்லை. இன்னும் எத்தனை நாள்?’

‘நடுங்குகிறது’ என்ற சொல்லே நடுங்கியிருந்தது. அத்தானுக்கும் வயது அறுபத்திரண்டுதான்.

“யாரு அத்தான் இந்த நோயாளி?”

“உனக்கெதுக்குடா அது? எழுதுற வேலையைப் பாரு.”

இன்று பதில் வந்தது. மூன்று மாதமாம். கீழே ஒரு வரி: ‘மகளை உடனே வரவழைக்கவும்.’ சத்தமாகப் படித்தேன்.

“நோயாளிக்கு மகளோட விலாசம் தெரியாதுன்னு பதில் எழுது” என்றார்.

“எனக்குத் தெரியுமே அத்தான்.”

“உன்னை யாரு கேட்டா?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, மேஜைமேல் ஒரு தபால்தலையை என் பக்கம் தள்ளினார்.

அதைத்தான் இந்த உறையில் ஒட்டியிருக்கிறேன்.

உன் வாயாடி மாமா