தைமின் இருந்த இடத்தில் யுராசில்

பெரியவனின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? வரிசையாகச் சொல்கிறேன்.

1. என் வேலை மாறிவிட்டது.
2. அதற்கான காரணம்.
3. அதில் என் தவறு எதுவும் இல்லை.

இப்போது ஆய்வகத்தில் குப்பி கழுவுகிறேன். கவலைப்படாதே, வெந்நீர் வருகிறது.

இங்கே டிஎன்ஏ, ஆர்என்ஏ துண்டுகளைக் கேட்பவர்களுக்குச் செய்து அனுப்புகிறார்கள். வரும் படிவங்களைச் சரிபார்ப்பது என் வேலையாக இருந்தது. முப்பது வருடம் வகுப்பில் சொன்னதுதான்: டிஎன்ஏவில் அடினினுக்கு ஜோடி தைமின், குவானினுக்கு சைட்டோசின். ஆர்என்ஏவில் தைமின் கிடையாது; அடினினோடு யுராசில் சேரும். ஒரு படிவத்தின் தலைப்பில் ஆர்என்ஏ என்றிருந்தது, உள்ளே தைமின் இருந்தது. எல்லாவற்றையும் யுராசிலாக மாற்றினேன். கடைசியில் தலைப்புதான் பிழையாம்; அவர்கள் கேட்டது டிஎன்ஏவாம். செய்ததெல்லாம் குப்பைக்குப் போயிற்று.

"பெருசு, இங்க வந்தும் பரீட்சை பேப்பர் திருத்துறீங்களா? ஒரு வார்த்தை கேட்டா என்ன?" என்றார் மேலாளர். எல்லோரும் சிரித்தார்கள்.

என் பழைய கண்ணாடியை அனுப்பி வை. தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

மூன்றாவதாக எழுதியது தவறு. எனக்கு அப்போதே சந்தேகம் வந்தது. மேலாளர் அறை பத்தடி தூரம்தான், கேட்கப் பயந்தேன். "சும்மாதானே இருக்கீங்க, இந்த வேலைக்குப் போயிட்டு வாங்கப்பா" என்று பெரியவன் சொன்ன அன்றும் இப்படித்தான், வர மனமில்லை என்று சொல்லாமல் நின்றேன்.