சாயங்காலம் சொல்லாம வாங்க

அக்கா,

இன்று காலை ஓமலூரில் ஒரு முதியோர் இல்லத்தின் கதவைத் திறந்ததும் பினாயில் வாசம் மூக்கில் ஏறியது. என்னோடு வந்த ஓர் அண்ணனும் அவர் தங்கையும், "நல்லா சுத்தமா வெச்சிருக்காங்க" என்று ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். அப்பாவுக்கு இடம் தேடுகிறவர்கள் அவர்கள். யாரோ சொல்லி என்னைத் துணைக்கு அழைத்திருந்தார்கள். எனக்கு உங்கள் குரல் கேட்டது. "வாசல்ல பினாயில் இத்தன தூக்கலா அடிச்சா, உள்ளார எதையோ மூடறாங்கன்னு அர்த்தம் அம்மிணி."

உங்களை முதன்முதலில் பார்த்த அன்றும் அதே வாசம்தான். நாமக்கல் போகிற வழியில், மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே, புதிதாகச் சுண்ணாம்பு அடித்த கட்டடம். பக்கவாதம் வந்து அம்மாவுக்கு வலது பக்கமும் பேச்சும் போயிருந்தன. சேலத்தில் எங்கள் ஜவுளிக்கடையையும் பார்த்துக்கொண்டு, அம்மாவைத் தூக்கிக் குளிப்பாட்டியும் வந்ததில் என் முழங்கால் தேய்ந்து, ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல்தான் அந்த இல்லத்துக்கு வந்தேன்.

மேலாளர் ஒவ்வோர் அறையாகக் காட்டினார். வெள்ளை விரிப்பு, சுவரில் அழைப்பு மணி, கூடத்தில் பெரிய டிவி. நீங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தீர்கள். நான் பக்கத்தில் வந்ததும் உங்கள் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. எடுத்துக் கொடுக்கக் குனிந்தேன்.

"அம்மாளச் சேக்கறதுக்கு முந்தி ஒரு நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு வாங்க. சொல்லாம வாங்க" என்றீர்கள், உதடு அசையாமல். பிறகு சத்தமாக, "ரொம்ப நன்றிங்க" என்றீர்கள்.

மறுநாளே வந்தேன். ஆறு மணிக்கே கூடத்தில் விளக்கு அணைந்திருந்தது. ஐந்தரைக்கே சாப்பாடு கொடுத்து எல்லாரையும் படுக்க வைத்துவிட்டார்கள். அத்தனை பேருக்கும் ஒரே ஒரு பணிப்பெண். அவளும் காலை முதல் ஓடிக் களைத்துப் போயிருந்தாள். ஒரு பாட்டி நனைந்த துணியோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவர் தலைமாட்டில் இருந்த மணியை நான் அழுத்தினேன். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி அழுத்தினேன்.

"அது அடிக்காதுங்க" என்றாள் அந்தப் பெண், தலையைக் குனிந்துகொண்டு.

அம்மாவை அங்கே சேர்க்கவில்லை. என் தங்கை மகள் சில மாதம் வந்து இருப்பதாக ஏற்பாடாயிற்று. ஒரு வாரம் கழித்து வாழைப்பழம் வாங்கிக்கொண்டு உங்களைப் பார்க்க வந்தபோது ஜன்னலோரத்தில் நீங்கள் இல்லை. கடைசியில் இருந்த இருட்டறைக்கு மாற்றியிருந்தார்கள். நான் வந்து போனதற்கு யார் காரணம் என்று மேலாளருக்குத் தெரிந்துவிட்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது.

"உடுங்க சாமி. இங்க ஃபேன் நல்லாச் சுத்துது" என்று நீங்கள்தான் என்னைத் தேற்றினீர்கள்.

அன்றுதான் உங்கள் கதையைச் சொன்னீர்கள். திருச்செங்கோட்டில் ஒரு இன்ஜினியரிங் காலேஜ் விடுதியில் இருபது வருடத்துக்கு மேலாகச் சமையல்கட்டைப் பார்த்துக்கொண்டவர். ஒரே மகன் போர்வெல் லாரியோடு ராஜஸ்தானில். வருடத்தில் பத்து மாதம் வெளியே. மருமகளும் வேலைக்குப் போகிறவள். அவர்கள் மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. "ஊட்டுல தனியா உழுந்து கிடந்தா யாரு பாக்கறது? நாந்தான் இங்க வாரேன்னு சொன்னேன்" என்றீர்கள்.

வேறு நல்ல இல்லமாகப் பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

"நான் போயிட்டா மத்தவங்க எங்க போவாங்க? ஹாஸ்டல்ல பாத்திருக்கறனுங்க. கேக்கற புள்ளைங்க இருக்கற வருசம் சாம்பாரு கெட்டியா இருக்கும். கேக்காத வருசம் தண்ணியாப் போயிரும். சமைக்கறது அதே நாந்தான்!"

சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். உங்களையே குற்றவாளியாக நிறுத்தி உண்மை சொல்ல உங்களால்தான் முடியும்.

அப்புறம் நாம் மனு எழுதினோம். நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "ஈவிரக்கமற்ற நிர்வாகம்" என்று ஒரு வரி எழுதியபோது அடிக்கச் சொன்னீர்கள். "கோவத்த எழுதாதீங்க அம்மிணி. பாத்தத எழுதுங்க. மணி அடிக்கல. சாயங்காலம் ஒரே ஆளு. சோறு அஞ்சரைக்கு. சேரும்போது கையெழுத்து வாங்குன காயிதம் இங்கிலீசுல இருக்குது, எங்களுக்கு ஒரு நகலும் குடுக்கல. அவ்வளவுதான்."

கையெழுத்து என்று வந்தபோது, "வெளிய அனுப்பிப்போட்டா என்ன பண்றதுங்க?" என்று முதல் தடவையாகப் பயந்த குரலில் கேட்டீர்கள். உங்கள் பெயர் வேண்டாம், என் பெயர் மட்டும் போதும் என்றேன். காகிதத்தை உங்கள் பக்கம் இழுத்துக்கொண்டீர்கள். "நீங்க ஒரு நாள் வந்து பாத்தவங்க. நான் இங்கயே இருக்கறவ" என்று சொல்லி முழுப்பெயரையும் எழுதினீர்கள். உங்களைப் பார்த்து இன்னும் நான்கு பேர் போட்டார்கள். ஒருவர் கைநாட்டு.

கலெக்டர் ஆபீஸ் மனுநாளில் வரிசையில் நின்று கொடுத்தேன். ஆய்வுக்கு ஒரு பெண் அதிகாரி வந்தார். அன்று மத்தியானம் எல்லாருக்கும் பாயசம். அவருக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்கள். அறையறையாகப் பார்த்துவிட்டு உங்களிடம் வந்து, "சாப்பாடு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். மேலாளர் பக்கத்திலேயே நின்றார்.

"இன்னிக்குப் பாயசம் நல்லா இருக்குதுங்க. நாளான்னிக்குச் சாயங்காலம் வந்து கேளுங்க, அப்பவும் சொல்றேன்" என்றீர்கள்.

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உங்களைப் பார்த்தார். இரண்டாம் நாள் மாலை அவர் சொல்லாமல் வந்து நின்றதை அந்தப் பணிப்பெண்தான் எனக்குப் போனில் சொன்னாள். அவள் குரலில் சந்தோஷம் இருந்தது.

அதற்குப் பிறகு மணிகள் அடித்தன. மாலைக்கு இன்னும் இரண்டு ஆட்கள் வந்தார்கள். சாப்பாடு ஏழு மணிக்கு மாறியது. ஒப்பந்தத்தைத் தமிழில் அடித்து ஆளுக்கொரு நகல் கொடுத்தார்கள். மேலாளர் மட்டும் கடைசிவரை உங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. உங்களை ஜன்னலோரத்துக்கும் மாற்றவில்லை.

சில மாதம் கழித்து நீங்களே எனக்கு போன் செய்தீர்கள். "இப்பக் கூட்டிட்டு வாங்க உங்க அம்மாள. என்ற பக்கத்துக் கட்டுலு காலியா இருக்குது."

வேண்டாம் என்று தடுத்த வாயாலேயே வா என்று அழைத்தீர்கள். தங்கை மகளும் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். நான் இரண்டாவது யோசனை இல்லாமல் அம்மாவைக் கூட்டி வந்தேன். முதல் நாளே, "ஏனுங்க, தொழுகறதுக்கு எந்தத் தெச பாக்கோணும்?" என்று கேட்டீர்கள். மேற்கு என்றேன். ஆட்களைக் கூப்பிட்டு, அம்மா படுத்தபடியே மேற்கைப் பார்க்கிற மாதிரி கட்டிலைத் திருப்பிப் போட வைத்தீர்கள். பேச முடியாத அம்மா இடது கையால் உங்கள் கன்னத்தைத் தடவினார்.

அடுத்த ஒரு வருடம் அம்மாவுக்காக நீங்கள்தான் பேசினீர்கள். தண்ணீர் வேண்டுமா, புரண்டு படுக்க வேண்டுமா என்பது கண்ணைப் பார்த்தே உங்களுக்குத் தெரிந்தது. ஒரு மாலை கஞ்சி குடிக்கும்போது அம்மாவுக்குப் புரையேறி மூச்சு முட்டியது. நீங்கள் மணியை அழுத்திய அழுத்தலில் இரண்டு பேர் ஓடிவந்தார்கள் என்று பிறகு சொன்னார்கள். அம்மா இன்றும் இருக்கிறார், அக்கா. நீங்கள் இல்லை.

நான்கு நாள் காய்ச்சலில் போய்விட்டீர்கள். ராஜஸ்தானிலிருந்து வந்த உங்கள் மகன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "அம்மா இங்க கஷ்டப்பட்டாங்களாங்க?" என்று கேட்டார். நடந்ததையெல்லாம் சொன்னேன். இதில் ஒன்றும் அவருக்குத் தெரியாது. போனில் அவரிடம் நீங்கள் எப்போதும், "நான் நல்லா இருக்கறன் சாமி, நீ வேலையப் பாரு" என்று மட்டுமே சொல்லியிருக்கிறீர்கள். லாரி ஓட்டிக் காய்த்த கைகளால் முகத்தை மூடிக்கொண்டு அவர் வெகுநேரம் அழுதார்.

இன்று பலர் என்னை அழைக்கிறார்கள். கூடப் போகிறேன், கேட்கிறேன், மனு எழுதிக் கொடுக்கிறேன். உங்களால்தான் இதெல்லாம் என்று அவர்களிடம் சொல்வதும் உண்டு. ஆனால் யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. உங்களை இருட்டறைக்கு மாற்றிய அந்த வாரம் வேறு இல்லம் பார்க்கட்டுமா என்றுதான் கேட்டேன். என் வீட்டுக்கு வாருங்கள் என்று சொல்லவில்லை. எங்கள் மாடியில் ஓர் அறை சும்மாதான் கிடந்தது. அது உங்களுக்கும் தெரியும், ஒரு பேச்சில் நானே சொல்லியிருக்கிறேன். எனக்காக உங்கள் இடத்தையே இழந்த நீங்கள் அந்த அறையைப் பற்றி ஒரு தடவைகூட வாய் திறக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்கத் தெரிந்தவர் நீங்கள். அதை மட்டும், நான் சங்கடப்படுவேன் என்று கேட்காமல் விட்டீர்கள்.

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை, அக்கா.