மாடியில் நின்ற பச்சைப் புள்ளி

மார்ச் 3

கருவி வந்துவிட்டது. தீப்பெட்டி அளவுதான் இருக்கிறது. புதுச் சட்டப்படி, பொழுதுபோக்குக்குப் பறக்கவிடும் ட்ரோனுக்கும் பதிவு எண் ஒட்ட வேண்டும், இந்தக் கருவியையும் பொருத்த வேண்டும். ட்ரோன் மேலே இருக்கும் வரை தன் எண்ணையும், தான் பறக்கும் இடத்தையும், கீழே ரிமோட்டோடு நிற்கும் ஆள் எங்கே என்பதையும் இது அறிவித்துக்கொண்டே இருக்கும். அரசாங்கம் மட்டுமல்ல, போனில் ஒரு செயலி இருந்தால் அக்கம்பக்கத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

எங்கள் ட்ரோன் குழுவில் ஒரே புலம்பல். "நம்ம கழுத்துல மணி கட்டுறாங்க சார்" என்கிறார் ஸ்டுடியோக்காரர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் லிஃப்ட் பரிசோதகன். சட்டம் என்று ஒன்று இருப்பதால்தான் ஜனங்கள் கம்பியில் தொங்கும் பெட்டிக்குள் பயமில்லாமல் ஏறி நிற்கிறார்கள். கெடு முடிய இன்னும் நாள் இருக்கிறது, இருந்தாலும் இன்றே ட்ரோனின் வயிற்றுக்கடியில் வெளியே தெரியாதபடி மாட்டிவிட்டேன்.

என் மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால், "என் சக்களத்திக்கு நகை வாங்கிட்டு வந்தீங்களா" என்பாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவளுக்குப் பிடிக்காத ஒரே பொருள் இந்த ட்ரோன்தான்.

மார்ச் 8

சகலை வந்திருந்தான். கால்வாய்க்கு அந்தப் பக்கம்தான் வீடு, இருந்தும் வழக்கம்போலத் தனியாகத்தான் வந்தான். என் மனைவியின் தங்கையைப் பார்த்தே வெகு நாளாகிறது. "டாக்டர் ரெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்காரு அண்ணே. ஆளுங்களைப் பார்த்தாலே எரிஞ்சு விழுறா" என்றான். என் மனைவி தண்ணீர் டம்ளரை மேஜையில் ணங்கென்று வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நான் கால் முறிந்து கிடந்தபோது தினமும் வந்து பார்த்தவன் அவன்.

அந்தச் சங்கடத்தைச் சரிக்கட்ட மாடிக்கு அழைத்துப் போய்ப் புதுக் கருவியைக் காட்டினேன். செயலியின் வரைபடத்தில் சிவப்பு அம்பு ட்ரோன், பச்சைப் புள்ளி ஓட்டுபவர். "அந்தப் பச்சை நான்தான்" என்றேன். நான் நடந்தால் புள்ளியும் நடந்தது. சின்னப் பிள்ளை போலச் சிரித்தான். தன் போனிலும் வேண்டும் என்றான். நானே போட்டுக் கொடுத்தேன்.

மார்ச் 12

லிஃப்ட் குழிக்குள் நிற்கிறேன், கையெல்லாம் கிரீஸ். ட்ரோன் பதிவு அலுவலகத்திலிருந்து போன். என் எண் இந்த வாரம் அனுமதி இல்லாமல் குடியிருப்புக்கு மேல் பறந்ததாம், அதுவும் வேலை நாளில், பகல் பதினொரு மணி வாக்கில். "நான் பூமிக்கு அடியில இருக்கேம்மா, எப்படி வானத்துல பறப்பேன்?" என்று கேட்டுச் சிரித்துவிட்டேன். நாளைக்கு நேரில் வரச் சொன்னார்கள். ஊர்ப்பட்ட எண்களில் எதையோ மாற்றிப் போட்டிருப்பார்கள்.

மார்ச் 13

சிரித்தது தப்பு.

கவுன்டர் பெண் திரையை என் பக்கம் திருப்பினாள். பேருந்து நிலைய டவரில் பிடித்த பதிவு. என் எண்தான். சிவப்புக் கோடு கால்வாயைத் தாண்டிப் போகிறது, ஓர் இடத்தில் நிற்கிறது, திரும்பி வருகிறது. பச்சைப் புள்ளி எங்கே என்று தேடினேன். "இது யார் வீட்டு மாடி சார்?" என்று அவளே விரலை வைத்தாள்.

என் வீட்டு மாடி.

வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டே பேர். நான் வேலையில் இருந்தேன். விளக்கம் எழுதித் தர அவகாசம் கேட்டுவிட்டு வந்தேன். பேருந்தில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

என் மனைவியா? ரிமோட்டைத் தூசு தட்டக்கூடத் தொடாதவள்.

பேட்டரி எப்போது எடுத்தாலும் முழுசாக இருக்குமே. என் ஒழுங்குதான் காரணம் என்று நான்பாட்டுக்குப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். சார்ஜ் போட்டு வைத்தது யார்?

மார்ச் 16

அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். சத்தம் போடாமல் மாடிப்படி ஏறினேன். என் வீட்டிலேயே திருடன் மாதிரி.

தண்ணீர்த் தொட்டியின் நிழலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். கையில் ரிமோட். இரண்டு கட்டைவிரல்களும் அலுங்காமல் நகர்கின்றன. எனக்குக்கூட அந்தப் பக்குவம் வரவில்லை. என்னைப் பார்த்ததும் பதறுவாள் என்று நினைத்தேன். "கீழ போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டுட்டு வாங்க. பேட்டரி கொஞ்சம்தான் இருக்கு" என்றாள். நான் போய்ப் போட்டுவிட்டு வந்தேன்.

திரையில் ஒரு மொட்டைமாடி தெரிந்தது. சகலை வீடு. கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டு என் மைத்துனி நிற்கிறாள். என்ன இளைத்துப் போயிருக்கிறாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. கூடையிலிருந்து ஒரு நீலத் துண்டை எடுத்துக் கொடியின் ஓரத்தில் போட்டாள்.

"இன்னிக்குப் பரவால்ல" என்று இவள் மூச்சு விட்டாள்.

பிறகு சொன்னாள். தங்கையின் போனைச் சகலை பிடுங்கிக்கொண்டானாம். அதற்கு முந்தைய நாள் பேசியபோது அக்காளும் தங்கையும் செய்த ஏற்பாடு இது. நீலத் துண்டு காய்ந்தால் அடி விழவில்லை. காயாவிட்டால் விழுந்தது. இவள் வாசல் வரை போய் மூன்று முறை திரும்பி வந்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்தவன் அவன்தானாம், அதே சிரித்த முகத்தோடு.

அடியா? அவனா? என் கால் கட்டைப் பிரிக்கக் கூடவே வந்தானே.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நேரா அவர்கிட்டயே போய், என்னப்பா இப்படிச் சொல்றாளேன்னு கேப்பீங்க."

கேட்டிருப்பேன். இந்த இடத்தில் பொய் எழுதி என்ன ஆகப்போகிறது.

"ஓட்ட யாரு கத்துக்கொடுத்தா?"

"ரெண்டு வருஷமா சாப்பாட்டு மேஜையில பாடம் நடத்தினது யாரு?"

அப்புறம்தான் கருவியைப் பற்றி நான் சொல்ல வேண்டியிருந்தது. ட்ரோனைக் கவிழ்த்துக் காட்டினேன். என்ன அது என்றாள். சொன்னேன். யார் யார் பார்க்கலாம் என்றாள். யார் வேண்டுமானாலும் என்றேன். "அவரு?" என்றாள்.

"அவன் போன்ல இருக்கு. நான்தான் போட்டுக் கொடுத்தேன்."

திட்டியிருந்தால் தேவலை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மார்ச் 17

சகலை போன் செய்தான். "அண்ணே, உங்க ட்ரோன் எங்க வீட்டு மேலயே வந்து நிக்குதே" என்றான், அதே தேன் குரலில். "நேத்தும் வந்துச்சு. பச்சைப் புள்ளி உங்க மாடியில. நீங்க டூட்டியில இருக்கற நேரமாச்சே, அதான் கேட்டேன்."

என்னமோ உளறினேன். ரிப்பேர் என்றேன், தானாக ஓடுகிறது என்றேன். "பாத்துக்கங்க அண்ணே" என்று சிரித்துவிட்டு வைத்தான். அந்தச் சிரிப்பை இத்தனை நாள் நான் நல்ல மனசு என்று நினைத்திருக்கிறேன்.

மார்ச் 18

காலையில் அவள் கேட்குமுன் நானே கருவியைக் கழற்றினேன். சட்டப்படி குற்றம். அவள் பறக்கவிட்டாள்.

துண்டு இல்லை. துணி இல்லை. கொடியே இல்லை. இரண்டு இரும்புக் கம்பம் மட்டும் நிற்கிறது. மாடிக் கதவில் புதுப் பூட்டு. இனி மைத்துனி வானத்தைக்கூடப் பார்க்க முடியாது. நான் போட்டுக் கொடுத்தது. ஐயோ, நானே என் கையால போட்டுக் கொடுத்தேனே. ஒரு மனுஷனுக்கு இவ்வளவுகூடவா புரியாது?

இவள் அழவில்லை. "வாங்க போலாம்" என்றாள்.

காவல் நிலையத்தில் ஒரு பெண் இன்ஸ்பெக்டர். முதலில், குடும்பத்தில் ஆயிரம் இருக்கும், பேசிப் பாருங்கள் என்றார். இவள் முந்தானையில் முடிந்துவைத்திருந்த மெமரி கார்டை எடுத்து மேஜையில் வைத்தாள். ஒவ்வொரு நாளையும் பதிவு செய்திருக்கிறாள், எனக்குத் தெரியாமல். துண்டு காய்ந்த நாள், காயாத நாள். ஒரு நாள் மைத்துனி நேராக நிமிர்ந்து பார்க்கிறாள். சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி, கையைத் தூக்கிப் பிடிக்கிறாள். பிறகு மறு கையை.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் திருப்பவில்லை. மறுபடியும் ஓட்டிப் பார்த்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அடுத்தவங்க வீட்டு மேல பறக்கவிட்டது தப்பு. கருவியைக் கழட்டினது இன்னொரு தப்பு. அதை அப்புறம் பேசுவோம். வீட்டை மொதல்ல காட்டுங்க."

மார்ச் 19

மைத்துனி எங்கள் வீட்டில் தூங்குகிறாள். நேற்று மாலையிலிருந்து தூங்கிக்கொண்டே இருக்கிறாள். இவள் கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

மார்ச் 27

பதிவு அலுவலகத்தில் விசாரணை. என் எண்ணை ஆறு மாதத்துக்கு முடக்கிவிட்டார்கள். ஓட்டியது யார் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தான். இவருக்கு அவ்வளவு வராது" என்றாள் இவள். கவுன்டர் பெண் குனிந்து சிரித்தாள்.

சகலை இன்னும் ஜெயிலில்தான். வெளியே வந்தாலும் எங்கள் தெருப்பக்கம் வரக் கூடாது என்று நீதிமன்ற உத்தரவு. அவன் முகம் நினைவுக்கு வரும்போதெல்லாம் இன்னமும் சிரித்த முகம்தான் வருகிறது. அதை என்ன செய்வது என்று தெரியவில்லை.

செப்டம்பர் 30

முடக்கம் நீங்கியது. இரண்டாவது ஓட்டுநர் என்று இவள் பெயரையும் பதிந்தாயிற்று. கருவியை மறுபடி மாட்டினேன். மைத்துனி இப்போது தையல் கடையில் துணி வெட்டுகிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள். காப்பியில் சர்க்கரை அதிகம் என்று என்னோடு சண்டைகூடப் போடுகிறாள். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

காலையில் மாடியில் ட்ரோனைத் தரையில் வைத்து, மோட்டார் சுற்றுகிறதா என்று மட்டும் பார்த்தேன். அந்த ரீங்காரம் கிளம்பியதும் கீழே ஏதோ பாத்திரம் விழுந்தது. படியில் தடதடவென்று ஓடி வரும் சத்தம். மைத்துனி. கையெல்லாம் சோப்பு நுரை, கையில் அடுப்படியில் கிடந்த மஞ்சள் துணி. என்னைப் பார்க்கவே இல்லை. நேராகக் கொடிக்குப் போய்த் துணியை ஓரத்தில் போட்டு, கிளிப் மாட்டி, கைகளைத் தொங்கவிட்டு அசையாமல் நின்றாள்.

ட்ரோன் என் காலடியில்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

அணைத்தேன். சத்தம் நின்ற பிறகுதான் திரும்பினாள். "அத்தான் நீங்களா" என்றாள். துணியைக் கொடியிலிருந்து எடுக்கக் கையை நீட்டினாள், பிறகு எடுக்காமலே கீழே போனாள்.

ட்ரோனைப் பெட்டியில் வைத்துவிட்டேன். இனி ஊருக்கு வெளியே மைதானத்துக்கு எடுத்துப் போய்த்தான் பறக்கவிட வேண்டும்.